தொண்டைக் குழாயும் எழுதாத குறிப்பும்

சென்னையிலும் கோயம்புத்தூரிலும் மெடிக்கல் கோடிங் படித்த பிள்ளைகள் அமெரிக்க நோயாளிகளின் கோப்புகளுக்குக் குறியீடு போட்டுச் சம்பாதிக்கிறார்கள். கழுத்தில் துளையிட்டுச் சுவாசக் குழாய் பொருத்தும் ட்ராக்கியோஸ்டமி செய்து, 96 மணி நேரத்துக்கு மேல் வெண்டிலேட்டரில் கிடந்தவரின் கோப்பு அங்கே மிக அதிகக் கட்டணம் பெறும் வகைகளில் ஒன்று. ஒரு வரி விடுபட்டால் ஆஸ்பத்திரிக்கு நட்டம். எனவே கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறார்கள்.

இலங்கையில் நமது அரச ஆஸ்பத்திரிகள் பில் போடுவதில்லை. அது நமக்குப் பெருமைதான். ஆனால் பில் இல்லாத இடத்தில் குறிப்பைக் கேட்பாரும் இல்லை. ஐ.சி.டி.-10 நோய்க் குறியீட்டுப் பட்டியலில் 'இசட் 93.0' என்றால் இவர் கழுத்தில் மூச்சுத் துளையோடு வாழ்பவர் என்று பொருள். காய்ச்சலுக்காக வார்டில் சேர்ந்தாலும் அதையும் பக்கத்தில் பதிய வேண்டும். பிரதான நோயை மட்டும் பதிந்து முடித்தால், நுவரெலியா மாவட்டத்துத் தோட்ட லயன்களில் எத்தனை பேருக்குச் சளி உறிஞ்சும் மெஷின் தேவை என்று எவராலும் சொல்ல முடியாது.

அதே மாவட்டத்து இறம்பொடைக்கு இது தூரத்துக் கதையல்ல. 2025 மே 11 அன்று கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்த பாதை இது. தலையில் பலத்த அடிபட்டவர்களில் பலருக்கு இந்தக் குழாய் தேவைப்படும். குழாய் வரும் இன்னொரு வழி வெற்றிலையும் புகையிலையும். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்தான். அதற்கான சத்திரசிகிச்சையிலும் தொண்டையில் துளை போட நேரலாம்.

இப்படித் துளையோடு வீடு திரும்பியவருக்கு நடு இரவில் மூச்சு முட்டுகிறது. 1990 இலக்க அம்புலன்ஸ் வருகிறது. வந்தவர் கண்ணுக்குத் தெரிவது கழுத்திலுள்ள துளை மட்டும். சாதாரண ட்ராக்கியோஸ்டமி என்றால் முகத்துக்கும் துளைக்கும் சேர்த்தே ஒட்சிசன் கொடுக்கலாம். குரல்வளையை முழுதாக அகற்றியவர் என்றால் மூக்கு, வாய் வழியே போகும் காற்று நுரையீரலை எட்டாது. பிரித்தானியாவில் இதற்காகவே முன்னவரின் கட்டில் தலைமாட்டில் பச்சை அட்டை, பின்னவருக்குச் சிவப்பு. இங்கே நோய் நிர்ணய அட்டையில் "ட்ராக்கியோஸ்டமி செய்யப்பட்டது" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் இருந்தால் யாருக்கு என்ன பயன்? குழாயின் அளவு, துளை போட்ட தேதி, கடைசியாக மாற்றிய தேதி, உள்குழாய் உண்டா, காற்றுப்பை உண்டா என்பதெல்லாம் வேண்டும். துளை போட்டு ஒரு வாரம் ஆகாதவரின் குழாய் கழன்றால், திரும்பப் போடுவது பெரும் ஆபத்து.

தமிழிலும் சிங்களத்திலும் ஒரே அட்டை, அதன் பிரதி தோட்ட வைத்திய உதவியாளரிடம்: இவ்வளவுதான் கேட்கிறோம். வார்டில் ஆள் பற்றாக்குறை என்று பதில் வரும், அதுவும் பொய்யல்ல. ஆனால் குழாயைக் கழுவ வீட்டாருக்குக் கற்றுக்கொடுக்கும் தாதியே அட்டையை நிரப்பலாம். டாக்டர் கையெழுத்துப் போட்டால் போதும்.