முகவைக் கரையும் மின்னெழுத்துக் கலையும்

கணிப்பொறித் திரையில் எழுத்தையே ஓவியமாகவும் ஓவியத்தையே பாட்டாகவும் இயக்கிக் காட்டும் புதுக்கலையொன்று உலகெங்கும் வளர்ந்து வருகின்றது. படிப்பவன் தொட்ட இடத்திற் பாட்டு வழிமாறும். அவன் தேர்ந்த சொல்லுக்கேற்ப அடுத்த அடி தோன்றும். இதனை மின்னிலக்கியம் என்பர். ஆசுத்திரியா நாட்டு இலின்சு நகரில் 1979 முதல் மின்கலைக்கென்றே விழா எடுக்கப்பெறுகின்றது. 1987 முதல் பரிசில்களும் வழங்கப்பெறுகின்றன. அமெரிக்காவில் 1999இல் தோன்றிய மின்னிலக்கிய அமைப்போ, தேர்ந்த படைப்புகளை 2006, 2011, 2016, 2022 ஆகிய ஆண்டுகளில் நான்கு தொகுதிகளாக வெளியிட்டுள்ளது. வாயில்கள் திறந்தே கிடக்கின்றன. அவற்றுள் தமிழன் நுழைவது தமிழனாகவா, ஆங்கிலத்தின் எடுபிடியாகவா என்பதே வினா.

முகவையிலும் பரமக்குடியிலும் இராமேசுவரத்திலும் கணிப்பொறி பயிலும் இளைஞர்க்கு, இக்கலை மேலையர் கண்டதென்றும், ஆங்கிலத்திற் செய்தாலன்றி அரங்கேறாதென்றும் ஓர் எண்ணம் ஊட்டப்பெற்றுள்ளது. இதனினும் பெரிய பொய் பிறிதொன்றில்லை. இக்கலையின் வேர் அவர்தம் காலடி மணலிலேயே புதைந்து கிடக்கின்றது!

1929இல் மறைந்த பாம்பன் குமரகுருதாச அடிகளார் இக்கரை தந்த புலவர் அல்லரோ? வேல் வடிவிலும் சதுரங்கக் கட்ட வடிவிலும் எழுத்துகளை நிறுத்திப் பாட்டியற்றியவர் அவர். இத்தகு பாக்களில் வழிகள் கூடுமிடத்து நிற்கும் ஓரெழுத்து, செல்லும் வழிதோறும் வெவ்வேறு சொல்லுக்கு உறுப்பாகும். சதுரங்க பந்தமென வடசொற்பெயர் பூண்ட பாவை யாத்த அவரே, வடசொல் விரவாமற் 'சேந்தன் செந்தமிழ்' என்னும் நூலையும் இயற்றினார் என்பதை முகவைப் பள்ளிகளில் எத்தனை மாணாக்கர் அறிவர்? அவர்க்குப் பன்னூறாண்டு முன்னரே தண்டியலங்காரம் சுழிகுளம், மாலைமாற்று, கரந்துறைச் செய்யுள் என இவற்றை வகுத்துரைத்தது. அடிக்கு எட்டெழுத்தாக நான்கடி கொண்டு, நேரே படிப்பினும் சுழன்று உட்புகப் படிப்பினும் அதே பாட்டாவது சுழிகுளம். இதற்கு நிரல் எனப் பெயரிடாததொன்றே குறை. இவற்றை வெற்று விளையாட்டென ஒதுக்கிய புலவரும் உண்டு. அவ்வொதுக்கலிற் சிறிது ஞாயமும் உண்டு. உணர்ச்சியைக் கைவிட்டு வடிவைப் பற்றித் தொங்கிய பாக்கள் பலவே. ஆயினும் தாளிற் படுத்துக் கிடந்த அவ்வெழுத்துகள் திரையில் எழுந்து நடக்கும் நாள் இன்றன்றோ வந்துள்ளது!

இங்கே ஓரிடர் உண்டு. அதனை ஆங்கிலத்தில் மட்டுமே சிந்திப்பவன் காணமாட்டான். 'தே' என்பது தமிழுக்கு ஓரெழுத்து. ஒருங்குறியிலோ அது தகரமும் ஏகாரக் குறியுமாக இரண்டு. சிறுவர் சொல்லி மகிழும் 'தேரு வருதே' என்னும் மாலைமாற்றை எழுத்தறியாத நிரலொன்றினிடம் கொடுத்துத் திருப்பச் சொன்னால், ஏகாரக் கொம்பு தனியே முன்னே நிற்க, 'துரவுரேத' என்று உளறும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே இடந்தரும் அனைத்தெழுத்துக் குறியீட்டைத் தமிழ்நாட்டரசு 2010இல் ஒருங்குறியோடு சேர்த்து ஏற்றது. ஆயினும் உலகக் கருவிகள் ஒருங்குறியிலேயே இயங்குகின்றன. தமிழெழுத்தை எழுத்தாகவே எண்ணும் நிரற்றொகுப்புகளை ஆர்வலர் சிலர் ஆக்கித் தந்துள்ளனர். அவற்றைக் கையாள்வதற்கேனும் உயிர்மெய் இன்னதென்று தெரிந்திருத்தல் வேண்டும். அஃதாவது, மின்னெழுத்துக் கலைஞனுக்குத் தமிழிலக்கணம் அணியன்று, கருவி.

மாநாடுகளுக்குக் குறைவில்லை. 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று கூட்டிய தமிழிணைய மாநாடு வழிதிறந்தது. 1999இற் சென்னையில் விசைப்பலகை ஒழுங்கு முடிவாயிற்று. 2000இல் உத்தமம் தோன்றி நாடுதோறும் மாநாடு கூட்டியது. 2024இல் மீண்டும் சென்னையிற் கணித்தமிழ் மாநாடு. விசைப்பலகையும் எழுத்துருவும் மொழிபெயர்ப்பும் பேசப்பெற்ற அளவிற்குக் கலை பேசப்பெறவில்லை. சாலை போட்டவர் தேரோட்ட மறந்தனர் என்க.

இனியொரு கூட்டம் முகவையில் நிகழ்தல் வேண்டும். சேதுபதியர் குடிவழியில் வந்த பாண்டித்துரைத் தேவர் 1901இல் (தி.ஆ. 1932) மதுரையில் தமிழ்ச்சங்கம் நிறுவினார், தலைநகரின் இசைவுக்கு அவர் காத்திருக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சேதுபதியர் தீட்டுவித்த சுவரோவியங்கள் இராமலிங்க விலாசத்தில் இன்றும் உள. ஓவியமும் எழுத்தும் கூடும் கலைக்கு அதனினும் ஏற்ற களம் எது? கல்லூரிகளிற் கணித்தமிழ்ப் பேரவைகள் உள்ளன. அவை தட்டச்சுப் பயிற்சியோடு நின்றுவிடாமல், சுழிகுளத்தை நிரலாக்கும் போட்டியொன்றை இவ்வாண்டே அறிவிக்கலாம். பெருஞ்செலவில்லை, ஒரு கணிப்பொறியறையும், இலக்கணம் அறிந்த ஆசிரியர் ஒருவரும், நிரல் அறிந்தார் ஒருவரும் போதும். வென்ற படைப்புகள் இலின்சுக்கும் செல்லட்டும். ஆனால் தமிழிலேயே செல்லட்டும். ஆங்கிலம் உடன்செல்லும் உரையாக அடியில் நிற்கட்டும். முதற் பரிசிலோ, பாம்பன் அடிகளாரின் வேற்பாட்டைத் திரையில் எழுத்தெழுத்தாய் இயக்கிக் காட்டும் முகவை மாணாக்கனுக்கோ மாணாக்கிக்கோ உரியதாகுக!