காட்டுயிர்ப் படத்தொகுப்பின் எல்லை

காட்டுயிர் ஆவணப்படத்தின் கதை பெரும்பாலும் படத்தொகுப்பு மேசையில்தான் உருவாகிறது. மாதக்கணக்கில் காத்திருந்து எடுத்த காட்சிகளில் சில நிமிடங்களே திரைக்கு வருகின்றன. விலங்குகளுக்கு ஒத்திகை கிடையாது. ஒரே துரத்தலை எல்லாக் கோணங்களிலும் எடுப்பதும் அரிது. எனவே வெவ்வேறு வேளைகளில், வெவ்வேறு விலங்குகளை எடுத்த துண்டுகளைத் தொகுப்பாளர் ஒரே நிகழ்வாகக் கோக்கிறார். பிபிசியின் ‘பிளானட் எர்த் 2’ (2016) தொடரில், கலாபகஸ் தீவுக்கூட்டத்தில் கடல் இகுவானா என்னும் பல்லியினத்தின் குஞ்சு பாம்புகளிடமிருந்து தப்பியோடும் காட்சி அப்படிக் கோத்ததுதான். அதில் ஓடுவது ஒரே குஞ்சு அல்ல. ஒலியும் அவ்வாறே. டெலிபோட்டோ லென்ஸ் தொலைவிலுள்ள விலங்கை அருகே காட்டும். ஆனால் அவ்வளவு தொலைவிலுள்ள விலங்கின் காலடியோசையை மைக்கால் பிடிக்க முடியாது. அது பெரும்பாலும் ஒலிக்கூடத்தில் உருவாக்கிச் சேர்க்கப்படுகிறது.

இவை ஏமாற்று அல்ல. அந்த உயிரினம் இயற்கையில் செய்வதையே படம் காட்டும்வரை தொகுப்பு நேர்மையானதே. டிஸ்னியின் ‘ஒயிட் வில்டர்னஸ்’ (1958) இந்த எல்லையைத் தாண்டியது. கனடாவின் கடற்கரையே இல்லாத ஆல்பர்ட்டா மாகாணத்தில், வேறிடத்திலிருந்து கொண்டுவந்த லெமிங்குகளை (எலி போன்ற சிறு விலங்குகளை) ஆற்றங்கரை மேட்டிலிருந்து தள்ளிவிட்டு, அவை தாமாகவே கடலில் குதித்து மடிவதாகக் காட்டியது. அப்படம் ஆஸ்கர் விருதும் பெற்றது. லெமிங்குகள் கூட்டமாகத் தற்கொலை செய்யும் என்ற பொய் உலகெங்கும் வேரூன்றியது. தொகுப்பாளர் காலத்தைச் சுருக்கலாம். விலங்கின் இயல்பைத் திரிக்கக் கூடாது. கோத்த காட்சி எது என்பதைப் படமே பார்வையாளருக்குச் சொல்லிவிட வேண்டும்.