டியூ முடிந்த வண்டி



கோவை–திருச்சி சாலையும் திருப்பூர்–தாராபுரம் சாலையும் சந்திக்கும் அவிநாசிபாளையத்தில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், இந்த வட்டாரத்துப் பிழைப்பு முழுவதும் கண்முன்னே கடந்து போகும். நூல் மூட்டை ஏற்றிய பிக்கப், துணி ரோல் அடுக்கிய குட்டி யானை, பல்லடத்துக் கோழி வண்டி, காங்கேயத்து அரிசி லோடு. இவற்றில் பல வண்டிகளுக்குப் பத்து வயதுக்கு மேல் ஆகிவிட்டது. பெயின்ட் மங்கியிருக்கும், தார்பாயில் ஒட்டுப் போட்டிருக்கும், லோடு மட்டும் நேரத்துக்குப் போய்ச் சேரும்.

"இன்னுமா இதையே ஓட்டறீங்க, புதுசு எடுத்துடலாமுங்களே" என்று வண்டிக்காரர்களை உறவினர்கள் கேட்கிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்த பிறகு இந்தக் கேள்வி கூடியிருக்கிறது. விலை இறங்கியது நல்ல செய்திதான். ஆனாலும் நல்ல நிலையில் இருக்கும் பழைய வண்டியை விடாமல் வைத்திருப்பவர்தான் சரியான கணக்குப் போட்டிருக்கிறார் என்பது என் உறுதியான எண்ணம்.

திருப்பூர்த் தொழில் நடக்கும் விதத்தைப் பார்த்தாலே காரணம் விளங்கும். ஒரு பனியன் ஒரே கூரையின் கீழ் உருவாவது இங்கே குறைவு. நூல் நிட்டிங்குக்குப் போகிறது. துணியாகிச் சாயப்பட்டறைக்கு, அங்கிருந்து காம்பேக்டிங், பிறகு கட்டிங். வெட்டிய பீஸ் பிரிண்டிங்குக்கோ எம்பிராய்டரிக்கோ போய்த் திரும்பித் தையலுக்கு வருகிறது. செக்கிங், அயர்னிங், பேக்கிங் முடித்துத்தான் வெளியூர் லாரியைப் பார்க்கும். இத்தனை கை மாறுவதும் பெரும்பாலும் ஜாப் ஒர்க். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் நடுவில் ஒரு சின்ன வண்டி நிற்கிறது. சில கிலோமீட்டர் ஓட்டம், ஏற்றி இறக்கக் காத்திருப்பு, மறுபடி ஓட்டம். இந்த வேலைக்கு வேகம் தேவையில்லை, வண்டி பழுதில்லாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது புது வண்டியின் கணக்கு. 8 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, 60 மாதம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறக்குறைய 17,400 ரூபாய். ஐந்து வருடத்தில் வட்டி மட்டும் 2 லட்சத்து 40 ஆயிரத்தைத் தாண்டும். பழைய பிக்கப்புக்குக் கிளட்ச் பிளேட், டயர், பட்டை மாற்றி, எஞ்சின் வேலையும் பார்த்தாலும், ஒரு வருடத் தவணைப் பணமே பெரும்பாலும் அதற்குப் போதும்.

செலவு குறைவு என்பதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. நம் தொழிலில் ஆர்டர் ஒரே சீராக வருவதில்லை. 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு, 2020ல் ஊரடங்கு, அதன்பின் நூல் விலை ஏற்றம். 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது, அந்தச் சந்தையை நம்பியிருந்த கம்பெனிகள் தடுமாறின. "ஆர்டர் நின்னா வண்டியும் நிக்குமுங்க, டியூ நிக்காதுங்க" என்று ஒரு வண்டிக்காரர் என்னிடம் சொன்னார். டியூ முடிந்த வண்டி வைத்திருப்பவர் அந்த மாதங்களில் வீட்டுச் செலவை மட்டும் யோசித்தால் போதும். ஃபைனான்ஸ்காரர் வாசலில் நிற்க மாட்டார்.

பழைய வண்டியைக் காப்பாற்ற நல்ல கைகள் வேண்டும். கொங்கு நாட்டில் அதற்குக் குறைவில்லை. மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டியே எந்திரம் கற்ற ஜி.டி. நாயுடு, 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்ட மண் இது. இன்றும் பம்ப், நாசில் வேலை தெரிந்த பட்டறைகள் நம் சாலையோரங்களில் இருக்கின்றன. உதிரிப் பாகமும் பெரிய கவலையில்லை. அசோக் லேலண்டும் நிசானும் கூட்டாக 2011ல் கொண்டுவந்த தோஸ்த் வண்டியைப் பாருங்கள். 2016ல் அந்தக் கூட்டு முடிந்தது. ஆனாலும் வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

புகையைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.-6 எஞ்சினின் புகை, பழைய டீசல் எஞ்சினின் புகையைவிட மிகச் சுத்தமானது. நொய்யல் ஆற்றைக் கெடுத்து, 2011ல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகளைப் பூட்டிய ஊர் நம்முடையது. காற்றைப் பற்றி அலட்சியமாகப் பேச நமக்கு உரிமையில்லை. கரும்புகை தள்ளும் வண்டியை வைத்துக்கொள்ளச் சொல்லி நான் எழுதவில்லை. நாசிலைச் சரிபார்த்து, ஏர் ஃபில்டரை மாற்றி, ஓவர்லோடு ஏற்றாமல் ஓட்டினால் புகை நன்றாகக் குறையும். அதற்குப் பிறகும் குறையாவிட்டால், சேஸ் துருப்பிடித்திருந்தால், பிரேக் மேல் நம்பிக்கை போய்விட்டால், அந்த வண்டியை விட்டுவிட வேண்டும். ராசியான வண்டி என்பதற்காக அதில் டிரைவரை ஏற்றி அனுப்புவது தவறு.

டெல்லியில் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்குத் தடை என்ற செய்தியைக் கேட்டுப் பலர் இங்கே பயந்துபோய் விற்கிறார்கள். அது டெல்லி வட்டாரத்துக்கான உத்தரவு. நம் ஊரில் சரக்கு வண்டிக்கு எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுதான் அளவுகோல்: எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதன்பின் வருடந்தோறும். 15 வயது கடந்த வண்டிகளுக்கான எஃப்.சி. கட்டணத்தை 2022 ஏப்ரல் முதல் மத்திய அரசு பல மடங்கு கூட்டியது. சோதனையைக் கடுமையாக்கட்டும், வரவேற்கிறேன். அந்தச் சோதனையில் தேறிய வண்டிக்காரரிடம் வயதுக்காகக் கூடுதல் பணம் கேட்பதை மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

கம்பெனி வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வண்டி வாடகையை "அடுத்த வாரம் பில்லோடு வாங்க" என்று தள்ளிப்போடாதீர்கள். லோடு இறங்கிய அன்றே கொடுத்துவிடுங்கள். தேய்ந்த டயரையும் பிரேக்கையும் வண்டிக்காரர் உரிய காலத்தில் மாற்றுவது அந்தப் பணத்தில்தான்.

அன்புடன்,
ஆசிரியர்