பெட்டிக்குள் இருந்தே பெட்டியைப் பார்த்துச் சிரித்தவர்கள்

தொலைக்காட்சியால் விளைவது நன்மையா, தீமையா என்பது நமது பாடசாலை விவாத மேடைகளில் முதுமை எய்திவிட்ட தலைப்பு. அறிவு வளர்கிறது என்று ஒரு தரப்பு அடித்துச் சொல்லும். கண்ணும் காலமும் கெடுகின்றன என்று மறுதரப்பு மேசையைத் தட்டும். அளவோடு பார்த்தால் நன்மையே என்று நடுவர் தீர்ப்பளிக்க, எல்லோரும் கைதட்டிக் கலைந்து செல்வோம். நாம் பார்க்கும் காட்சியை யார், எப்படி, எதற்காகச் செய்கிறார்கள் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. என்னைப் பொறுத்தவரை முதலில் கேட்கவேண்டிய கேள்வி அதுதான். அந்தக் கேள்வியைச் சிரிக்கச் சிரிக்கக் கேட்ட ஒரு தொடரை முன்வைத்து என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

கனடாவின் டொரொன்டோ நகரில் ‘செகண்ட் சிட்டி’ என்ற நகைச்சுவை அரங்கில் நடித்துவந்த சில இளைஞர்கள் 1976 ஆம் ஆண்டு ஒரு தொலைக்காட்சித் தொடரைத் தொடங்கினார்கள். பெயர் ‘எஸ்.சி.ரி.வி.’ ஜோன் கேண்டி, யூஜின் லெவி, ஜோ ஃபிளாஹெர்ட்டி, டேவ் தோமஸ், ஆண்ட்ரியா மார்ட்டின், கேத்தரின் ஓஹாரா முதலியோர் அதில் நடித்தனர். அவர்களிடம் பணம் குறைவு, யோசனை பெரிது. மெலன்வில் என்று ஒரு கற்பனை ஊர். அந்த ஊரில் ஓர் ஏழைத் தொலைக்காட்சி நிலையம். அந்த நிலையம் ஒளிபரப்பும் செய்தி, நேர்காணல், விளம்பரம், கல்வி நிகழ்ச்சி, திகில் படம் ஆகியவையே இத்தொடரின் குறுநாடகங்கள். அவற்றுக்கிடையே அந்த நிலையத்தின் அலுவலகத்தில் நடக்கும் கூத்துகளும் நமக்குக் காட்டப்படும். திரையில் ஓடுவதையும் திரைக்குப் பின்னால் நடப்பதையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டியதே இத்தொடரின் சிறப்பு. 1984 வரை பல அலைவரிசைகளுக்கு இடம்மாறி ஓடிய இது, எழுத்துக்காக 1982, 1983 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் எம்மி விருதைப் பெற்றது.

நிலையத்தின் உரிமையாளர் கை கபலேரோ. வெள்ளை உடை உடுத்திச் சக்கர நாற்காலியில் வலம்வருவார். அவருக்கு நடக்க இயலாமல் இல்லை. தேவைப்பட்டால் எழுந்து நன்றாகவே நடப்பார். பிறகு ஏன் நாற்காலி? மற்றவர்கள் மரியாதை தரவேண்டும் என்பதற்காக! மனிதரின் அனுதாபத்தை அள்ளி அதைச் செல்வாக்காக மாற்றும் வித்தையை இந்த ஒரு நாற்காலி காட்டிவிடுகிறது. ஏழை ஒருவரின் கண்ணீர் வழியும் முகத்தை மிக அருகில் காட்டி, சோக இசையை மெல்லக் கூட்டி, சரியாக அந்த இடத்தில் விளம்பர இடைவேளை விடும் நிகழ்ச்சிகளை எந்த நாட்டில் பார்த்தாலும் எனக்கு அந்த நாற்காலிதான் நினைவுக்கு வருகிறது. கண்ணீர் உண்மையானதாக இருக்கலாம். ஆனால் அதைத் தள்ளிக்கொண்டு வரும் சக்கரம் வேறு ஒருவருடையது.

மாலைச் செய்தி வாசிப்பவர் ஃபிளாய்ட் ரொபர்ட்சன். அவரே இரவில் இரத்தக் காட்டேரி வேடம் பூண்டு ‘கவுண்ட் ஃபிளாய்ட்’ என்ற பெயரில் சிறுவர்களுக்குத் திகில் படம் வழங்குவார். காட்டேரி வேடத்தில் ஓநாய் போல ஊளையிடுவார்; அந்த வேறுபாடுகூட அவருக்குத் தெரியாது. ஒருநாள் ‘ஓநாயின் முணுமுணுப்பு’ என்ற தலைப்பைப் பார்த்துத் திகில் படமென நம்பி ஒளிபரப்புகிறார். ஓடுவதோ சுவீடன் இயக்குநர் இங்மார் பேர்க்மனின் பாணியில் அமைந்த, மெதுவாக நகரும் சோகப் படம்! படத்தில் பயப்பட எதுவுமில்லை. ஆனாலும் அவர் விடவில்லை. எவ்வளவு பயங்கரம் பார்த்தீர்களா, பிள்ளைகளே என்று சொல்லிச் சமாளிக்கிறார். சரக்கு எதுவானாலும் அதற்கு முன்னும் பின்னும் ஒருவர் நின்று ‘பயங்கரம்’, ‘பரபரப்பு’ என்று சொல்லிக்கொண்டே இருந்தால் போதும் என்ற தொலைக்காட்சியின் நம்பிக்கையை இதைவிட எளிமையாக எவர் விளக்கமுடியும்? இன்றைய ‘அதிர்ச்சித் தகவல்’ தலைப்புகளுக்குப் பின்னால் நிற்பவர் யார் என்று கேட்டால், கவுண்ட் ஃபிளாய்டின் பேரப்பிள்ளைகள் என்பேன்.

நமது இலக்கணம் இந்த வகைச் சிரிப்பை அறியாததல்ல. நகை பிறக்கும் நான்கு இடங்களுள் எள்ளலையும் ஒன்றாக வைத்தவர் தொல்காப்பியர். அங்கதத்தை வெளிப்படையாகச் சாடும் செம்பொருள் அங்கதம் எனவும், பழியை மறைத்துச் சொல்லும் பழிகரப்பு அங்கதம் எனவும் பிரித்தவரும் அவரே. தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசி, மாலை சூட்டிப் பளபளப்பாக இருக்கின்றன என்று ஔவையார் புகழ்ந்தது உண்மையில் புகழ்ச்சியா? போர் காணாத ஆயுதங்கள் என்ற பழிப்பு அதனுள் ஒளிந்திருக்கிறது. கபலேரோவின் நாற்காலியும் காட்டேரியின் ஊளையும் அந்த வழியைச் சேர்ந்தவைதான். தொலைக்காட்சி பொய் சொல்கிறது என்று எவரும் பிரசங்கம் செய்யவில்லை. தொலைக்காட்சி தன்னைத் தானே புகழ்வதுபோல் காட்டி, உண்மையைப் பார்ப்பவரின் பொறுப்பில் விட்டுவிட்டார்கள்.

நகைச்சுவை பொழுதுபோக்குத்தானே, அதில் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. என் பதில் இதுதான்: ஒன்றின் செய்முறை தெரியாமல் அதைக் கேலி செய்ய முடியாது. செய்தி வாசிப்பைப் பகடி செய்ய விரும்புபவர், எந்தச் சொல்லில் குரல் உயர்கிறது, எந்தச் செய்தி முதலில் வருகிறது, எது கடைசிக்குத் தள்ளப்படுகிறது என்பதையெல்லாம் உன்னிப்பாகக் கவனித்தே ஆகவேண்டும். ஆக, நல்ல பகடி ஒன்று பத்துப் பக்க விமர்சனத்துக்குச் சமம். இத்தொடரின் ஓர் அத்தியாயத்தில் சோவியத் தொலைக்காட்சி அந்த நிலையத்தின் ஒளிபரப்புக்குள் புகுந்துவிடுகிறது. அங்கே ஒரு நிகழ்ச்சி, ரஷ்யாவின் வரைபடத்துக்குள் எந்தெந்த நாடுகள் அடங்கும் என்று காட்டுகிறது! பாடப்புத்தகம் ‘பிரசாரம்’ என்ற சொல்லுக்குத் தரும் வரைவிலக்கணத்தை நான் மனனம் செய்திருக்கிறேன். அது விளங்கியது இந்தக் காட்சியில்தான்.

ஆனால் இத்தொடரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடவும் நான் விரும்பவில்லை. இரண்டு குறைகளைச் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, தொலைக்காட்சியைக் கேலி செய்தவர்களையே தொலைக்காட்சி விழுங்கிக்கொண்ட கதை. கனடாவில் விளம்பர நேரம் குறைவாக இருந்ததால் ஒவ்வொரு அத்தியாயத்திலும் இரண்டு நிமிடங்கள் கூடுதலாகத் தேவைப்பட்டன. அந்த நேரத்தைக் கனடாத் தன்மையுள்ள ஏதாவது ஒன்றால் நிரப்புங்கள் என்றது அலைவரிசை. அந்தக் கோரிக்கையையே நையாண்டி செய்யும் விதமாக ரிக் மொரானிசும் டேவ் தோமசும் கம்பளித் தொப்பி அணிந்து, பின்னால் கனடா வரைபடத்தைத் தொங்கவிட்டு, பயனற்ற பேச்சைப் பேசும் இரு சகோதரர்களாக அமர்ந்தார்கள். நடந்தது என்ன? தொடரின் மிகப் பெரிய வெற்றியாக அந்த இரண்டு நிமிடமே ஆனது. 1981 இல் இசைத்தட்டு வந்தது. 1983 இல் திரைப்படமும் வந்தது. கேலிச் சித்திரமே விற்பனைப் பொருளானது. சிரித்துவிட்டதாலேயே நாம் ஏமாறாதவர்கள் ஆகிவிடுவதில்லை என்பதற்கு இது பாடம். எள்ளலையும் பொதி கட்டி விற்கச் சந்தைக்குத் தெரியும்.

இரண்டாவது குறை எனக்கு நெருக்கமானது. பெரினி ஸ்கிளெரோசோ என்று ஒரு பாத்திரம். வெளிநாட்டுப் பெண், ஆங்கிலம் சரியாக வராது. அந்தத் தடுமாற்றமே நகைச்சுவை. ஆண்ட்ரியா மார்ட்டின் திறமையாக நடித்திருக்கிறார் என்பதில் ஐயமில்லை. ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. தமிழை வீட்டு மொழியாகக் கொண்டு, அலுவலகங்களிலும் நேர்முகப் பரீட்சைகளிலும் சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் தேடித் தேடிப் பேசும் நம் பிள்ளைகளுக்கு அந்தத் தடுமாற்றம் வேடிக்கையல்ல. சரியான சொல் வாய்க்கு வருவதற்குள் எதிரே இருப்பவரின் உதட்டோரம் எழும் சிரிப்பு எவ்வளவு கனமானது என்பதை அனுபவித்தவர்கள் அறிவர். கபலேரோவைப் பார்த்துச் சிரிக்கும்போது அதிகாரம் சற்றுச் சிறுக்கிறது. பெரினியைப் பார்த்துச் சிரிக்கும்போது ஏற்கெனவே சிறுமைப்பட்டவர் மேலும் சிறுக்கிறார். இரண்டும் ஒரே தொடரில், ஒரே மேடையில், ஒரே சிரிப்பொலியோடு வருகின்றன. வேறுபாட்டைக் காணவேண்டியது நாம்தான்.

இந்த வேறுபாட்டை நம் வீடுகளுக்குள்ளும் பேணவேண்டும். மாலை நேரத் தொடர் நாடகம் பார்க்கும் உம்மாமாரையும் மூத்தம்மாமாரையும் கேலி செய்வது நம்மில் பலருக்கு வழக்கம். நாள் முழுவதும் அடுப்படியில் நின்றவர் அரை மணி நேரம் அமரும்போது அவருக்குக் கிடைப்பது அந்த நாடகம் ஒன்றுதான் என்றால், கேலிக்குரியவர் அவரல்ல. ஒரே அறையை, ஒரே கண்ணீரை, ஒரே சதியை முந்நூறு நாட்களுக்கு இழுத்து, அவருடைய ஓய்வைச் சோப்பு விளம்பரத்துக்கு விற்பவர்களே கேலிக்குரியவர்கள். அவர் பக்கத்தில் அமர்ந்து, அடுத்து என்ன நடக்கும், ஏன் இந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நம்மைவிடக் கூர்மையான விமர்சனம் அங்கிருந்து வரக்கூடும்.

ஆகவே எனது வேண்டுகோள் இரண்டு. விவாதப் போட்டிக்குத் தலைப்பிடும் மாணவியரே, நன்மையா தீமையா என்ற பழைய தராசை ஒரு வருடம் கீழே வையுங்கள். நேற்றைய செய்தியறிக்கையில் முதலில் வந்தது ஏன் முதலில் வந்தது என்று விவாதியுங்கள். தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் படிக்கும் சகோதரியரே, அடுத்த கலைவிழாவுக்கு மேடையில் ஒரு கற்பனைத் தொலைக்காட்சி நிலையத்தை அமையுங்கள். ஒரு மேசை, ஒரு நாற்காலி, அட்டையில் வெட்டிய ஒரு சட்டம் போதும். செய்தி வாசியுங்கள், விளம்பரம் செய்யுங்கள், பாட்டுப் போட்டிக்கு நடுவராக அமர்ந்து கண்ணீர் வடியுங்கள். எழுதும்போது ஒரே ஒரு விதியை மட்டும் மனதில் வையுங்கள்: ஒலிவாங்கியைக் கையில் வைத்திருப்பவரைப் பார்த்துச் சிரிக்கவேண்டும், அதன் முன்னால் சொல் தேடி நிற்பவரைப் பார்த்து அல்ல.