டி.சி. வாங்கும் முன் கொஞ்சம் பேசுவோம்!

போன வாரம் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. நான்கு நிமிடம். அதில் பாதி அழுகை. பேசியவர் ஓர் அம்மா. பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மகனுக்கு எட்டு வயது. ஆட்டிசம். தனியார் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்பு படிக்கிறான்.

"ஸ்கூல்ல கூப்பிட்டுப் பேசினாங்க அக்கா. மத்த பேரன்ட்ஸ் எல்லாம் கம்ப்ளெயின்ட் பண்றாங்களாம். ஜூன்ல வேற இடம் பாத்துக்கோங்கன்னு பதமா சொல்லிட்டாங்க. பேசாம டி.சி.யை வாங்கிட்டு வந்து, வீட்டுலயே வெச்சு நானே சொல்லிக் கொடுத்துடலாமான்னு இருக்கு. நீங்களும் உங்க பையனை அப்படித்தானே வெச்சிருந்தீங்க?"

ஆமாம், வைத்திருந்தேன். இரண்டரை வருடம். இந்தப் பகுதியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அது தெரியும். ஆனால் அதில் நான் எங்கே தடுக்கி விழுந்தேன் என்று இதுவரை முழுதாக எழுதியதில்லை. அந்தத் தங்கச்சிக்காக இன்று எழுதிவிடுகிறேன்.

என் மகனும் அப்போது மூன்றாம் வகுப்புதான். பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று, வேன் ஹாரன் கேட்டதும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். இழுத்தால் கடித்தான். அதற்கு முன்பே ஆறு மாதமாக டைரியில் சிவப்பு மை. 'இடத்தில் உட்காரவில்லை', 'பிற மாணவர்களுக்குத் தொந்தரவு', 'பெற்றோர் நேரில் வரவும்'. நானும் என் கணவரும் இரண்டு நாள் பேசினோம். மூன்றாம் நாள் டி.சி. வாங்கிவிட்டோம்.

உண்மையைச் சொல்கிறேன். முதல் ஒரு மாதம் எனக்குப் பெரிய நிம்மதி. அவனுக்கா என்று தெரியாது, எனக்கு. இனி யாரும் என்னைப் பள்ளி வாசலில் நிற்க வைத்துப் பேச மாட்டார்கள். அந்த நிம்மதியைத்தான் 'பிள்ளைக்காக எடுத்த முடிவு' என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே ஒன்றைக் கவனித்தேன். காலை பத்து மணிக்கு ஒரு சொம்புத் தண்ணீரையும் மடமடவென்று குடித்தான். மறுநாளும் அப்படியே. பள்ளிக்குப் போன நாட்களில் அவன் வாட்டர் பாட்டில் நிறைந்தேதான் திரும்பி வரும். "தண்ணிகூடக் குடிக்கத் தெரியாதாடா?" என்று எத்தனை நாள் திட்டியிருக்கிறேன்!

பத்து நாள் கழித்து ஒரு கல்யாண மண்டபத்தில்தான் விடை கிடைத்தது. அங்கே பாத்ரூமுக்குத் தகரக் கதவு. யாரோ உள்ளே போய் 'டமார்' என்று சாத்தினார்கள். இவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "ஸ்கூல் பாத்ரூம்... ஸ்கூல் பாத்ரூம்" என்று கத்தினான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலை எட்டேகாலிலிருந்து மாலை மூன்றே முக்கால் வரை அந்தப் பிள்ளை பாத்ரூமே போகாமல் அடக்கிக்கொண்டிருந்திருக்கிறான். போகக் கூடாது என்பதற்காகத் தண்ணீரும் குடிக்கவில்லை. வயிறு முட்ட அடக்கிக்கொண்டு யாரால் ஓரிடத்தில் உட்கார முடியும்?

ஆசிரியர்களின் பாத்ரூமைப் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று ஒரு வார்த்தை அனுமதி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, ஏனென்றால் எனக்கே தெரியாது. அதனால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று சொல்லவில்லை. 42 பிள்ளைகள் உள்ள வகுப்பு, அந்த இரைச்சல், பொறுமையில்லாத ஒரு மிஸ் எல்லாம் அப்படியேதான் இருந்திருக்கும். ஆனால் எது என் பிள்ளையை வதைத்தது என்றே தெரியாமல், மொத்தப் பள்ளிக்கூடத்தையும் தூக்கிப் போட்டுவிட்டேன்.

அதனால் தங்கச்சி, முதல் வேலை இதுதான். உங்கள் மகன் வகுப்பில் எந்த நேரத்தில் கத்துகிறான்? மணி அடிக்கும்போதா? சாப்பாட்டு வேளையிலா? எழுத்து வேலை வரும்போதா? ஒரு வாரமாவது ஆயாம்மாவிடம், வேன் டிரைவரிடம், பக்கத்து பெஞ்சுப் பிள்ளையிடம் விசாரியுங்கள். வகுப்பாசிரியரைவிட ஆயாம்மாவுக்கு அதிகம் தெரிந்திருக்கும்.

சரி, வீட்டில் என்ன நடந்தது?

நான் ஒரு பள்ளிக்கூடம் நடத்தினேன். ஸ்டேஷனரி கடையில் ஒயிட் போர்டு வாங்கி ஹாலில் மாட்டினேன். 9 மணிக்குத் தமிழ், 10 மணிக்குக் கணக்கு, 11 மணிக்கு இங்கிலீஷ். ஒரு மாதத்தில் அவன் என்னைப் பார்த்தாலே சமையலறைப் பக்கம் ஓடினான். பள்ளியில் ஒரு மிஸ்ஸைக் கண்டு பயந்தவன், வீட்டில் அம்மாவைக் கண்டு பயந்தான். அங்கேயாவது நாலு மணிக்கு விடுதலை உண்டு. இங்கே மிஸ் கூடவே படுத்துத் தூங்குகிறாள்!

காப்பாற்றியவர் என் மாமனார். அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். "அவனை என்கிட்ட ரெண்டு மணி நேரம் விடும்மா" என்று சொல்லி, தினமும் மாலை திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்குக் கூட்டிப்போய் உட்கார்ந்துகொள்வார். வருகிற பஸ்களின் போர்டைப் படிப்பார். ஸ்ரீரங்கம் போகும் 1ஆம் நம்பர் பஸ்தான் அவனுக்கு முதல் பாடம். '1' தெரிந்தது. பிறகு 'ஸ்ரீரங்கம்' என்ற எழுத்து முழுப்படமாக மனதில் நின்றது. பிறகு துவாக்குடி, திருவெறும்பூர், கே.கே.நகர். ஒயிட் போர்டில் நான்கு மாதம் நான் எழுதிக் காட்டியும் ஏறாத 'று', திருவெறும்பூரில் ஏறியது. டிக்கெட் விலையும் மீதிச் சில்லறையுமாகக் கணக்கு வந்தது. தாத்தாவுக்குச் சொல்லவா வேண்டும்!

வீட்டுக் கல்வியின் நல்ல முகம் இது. பிள்ளை எந்த வாசல் வழியாக வருகிறானோ, அந்த வாசலில் போய் நிற்கலாம். 42 பேர் வகுப்பில் அதற்கு வழியே இல்லை.

மறுமுகத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் கணக்காளர் வேலையை விட்டேன். வீட்டு வருமானம் ஏறக்குறைய பாதியானது. ஸ்பீச் தெரபியை வாரம் மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைத்தோம். பிள்ளைக்காக வேலையை விட்டதால், பிள்ளைக்கான தெரபி குறைந்தது. எனக்குக் காய்ச்சல் வந்தால் பள்ளிக்கூடத்துக்கே லீவு. மாமனாருக்குக் கண் ஆபரேஷன் நடந்த ஒன்றரை மாதம் என்ன செய்தேன் என்று இப்போது யோசித்தால், டி.வி. ஓடியது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருந்தது, நான் தாமதமாகத்தான் பார்த்தேன். பள்ளியில் அவன் யாரோடும் விளையாட மாட்டான். ஆனால் பிள்ளைகள் நடுவில் இருப்பான். இரண்டாம் வருட நவராத்திரிக்குத் தெருப் பிள்ளைகள் சுண்டல் வாங்க வந்தபோது, அந்தக் கூட்டத்தையே தாங்க முடியாமல் கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். வேன் ஹாரனுக்கு ஒளிந்த அதே கட்டில். அன்று இரவு என் கணவர், "நாம இவனைப் பத்திரமா வெச்சிருக்கோமா, இல்ல ஒளிச்சு வெச்சிருக்கோமா?" என்று கேட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது, பதில் வரவில்லை.

அதன்பிறகுதான் வட்டார வள மையத்துக்குப் போனோம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அவர்கள் சொல்லித்தான் பக்கத்தில் இருந்த அரசு உதவி பெறும் பள்ளியில் பேசினோம். தலைமையாசிரியை அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அவனுக்கு எது ஆகாது, அதைச் சொல்லுங்க." நான் பாத்ரூம் கதவில் ஆரம்பித்தேன். பிரேயர் முடிந்தபின் வரட்டும், முதலில் இரண்டு மணி நேரம் இருக்கட்டும், ஆசிரியர் பாத்ரூமைப் பயன்படுத்தட்டும் என்று ஏற்பாடானது. ஆறாம் வகுப்பில் சேர்ந்தவன், முழு நாள் உட்கார நான்கு மாதம் ஆனது.

இப்போது சட்டத்துக்கு வருவோம். பலர் இதில் குழம்புகிறார்கள்.

உங்களிடம் பள்ளி சொன்னது வாய்வார்த்தை. கல்வி உரிமைச் சட்டப்படி, எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும், பிள்ளையின் தேவைக்கேற்ற வசதி செய்துதர வேண்டும் என்கிறது. ஆகவே, 'எழுத்தில் கொடுங்கள்' என்று கேளுங்கள். பெரும்பாலும் பேச்சின் தொனி மாறும். ஆனால் சட்டம் நம் பக்கம் இருப்பதால் மட்டும் அந்த வகுப்பறை பிள்ளைக்குப் பிடித்துவிடாது. வேண்டாவெறுப்பாக வைத்திருக்கும் இடத்தில் பிள்ளையை விடத்தான் வேண்டுமா என்பது வேறு கேள்வி. அதை நீங்கள் தீர்மானியுங்கள், அவர்கள் தீர்மானிக்க விடாதீர்கள்.

'வீட்டுவழிக் கல்வி' என்று அரசு சொல்வது வேறு, நானாக வீட்டில் வைத்துச் சொல்லிக் கொடுத்தது வேறு. கல்வி உரிமைச் சட்டத்தில் 2012இல் வந்த திருத்தம், 80 சதவிகிதம் அல்லது அதற்கு மேல் கடுமையான குறைபாடோ, ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகளோ உள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்தே கல்வி பெறுவதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தருகிறது. இந்தப் பிள்ளைகளின் வீட்டுக்குச் சிறப்புப் பயிற்றுநர் வருவார். நான் செய்ததற்கு அப்படி ஒரு பாதுகாப்பும் இல்லை. டி.சி. வாங்கியபின் என் பிள்ளை எந்தப் பதிவேட்டிலும் இல்லாமல் இருந்தான்.

பரீட்சை பற்றிப் பயம் வேண்டாம். தேசிய திறந்தநிலைப் பள்ளியான என்.ஐ.ஓ.எஸ். மூலம் 14 வயது முடிந்தவர்கள் பத்தாம் வகுப்பு எழுதலாம். தமிழிலும் எழுதலாம். ஐந்து பாடம் போதும், ஓவியம், மனையியல், டேட்டா என்ட்ரி எல்லாம்கூடப் பாடங்களாக இருக்கின்றன. ஐந்து வருடத்தில் ஒன்பது வாய்ப்பு. இந்த வருடம் இரண்டு பாடம், அடுத்த வருடம் ஒன்று என்று மெதுவாகவும் போகலாம். மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தாலும், உரிய மருத்துவச் சான்று இருந்தால் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. அதனால் எதிர்காலத் தேர்வை நினைத்து மட்டும் இன்று பள்ளியில் பிடித்து வைக்கவும் தேவையில்லை.

உங்கள் மெசேஜை நான் மூன்று முறை கேட்டேன். அதில் 'நானே' என்ற சொல் நிறைய வருகிறது. நானே சொல்லிக் கொடுத்து, நானே பார்த்து, நானே தெரபிக்குக் கூட்டிப்போய்... உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வரி இல்லை. மாமியார், அம்மா, பக்கத்து வீடு, யாருமே இல்லை. எனக்கு ஒரு மாமனார் இருந்தார். உங்களுக்குத் தினமும் இரண்டு மணி நேரம் கைமாற்றிக்கொள்ள ஒருவர் இல்லையென்றால், வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றுதான் சொல்வேன். பள்ளியை மாற்றுங்கள். அரசுப் பள்ளி என்றதும் முகம் சுளிக்கும் உறவினர்களை விடுங்கள். சிறப்புப் பயிற்றுநர் அங்கேதான் வருகிறார்.

ஒருவர் இருக்கிறார் என்றால், ஒரு வருடம் என்று நாள் குறித்துக்கொண்டு ஆரம்பியுங்கள். டி.சி. வாங்கும் முன் வட்டார வள மையத்துக்குப் போய்விடுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது மற்ற பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அவன் இருக்கட்டும், நீச்சலோ பார்க்கோ கோயில் பிராகாரமோ. ஒயிட் போர்டு வாங்காதீர்கள். வேண்டுமானால் என்னுடையதைத் தருகிறேன், பரணில்தான் கிடக்கிறது.

எங்கள் வீட்டிலும் இப்போது அதே பேச்சுதான் ஓடுகிறது. மகனுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு முடிக்கப் போகிறான். ஒன்பதாம் வகுப்பில் பாடம் கனக்கும். பள்ளியிலேயே தொடர்வதா, வெளியே வந்து என்.ஐ.ஓ.எஸ். எழுதுவதா? நான் வெளியே என்கிறேன், என் கணவர் உள்ளே என்கிறார். முந்தாநாள் இரவு, இந்த முறை அவனையே கேட்டுவிடுவோம் என்று உட்காரவைத்துக் கேட்டோம். இரண்டையும் படம் போட்டு விளக்கினோம்.

ரொம்ப நேரம் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "எதுக்கு பஸ்ல போகணும்?" என்றான்.

ஜூனுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.