வெள்ளக் காவலுக்குச் செயற்கைக்கோள்

1957 அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்-1 எனும் முதல் செயற்கைக்கோளை விண்ணில் ஏவியது. இன்று தொலைக்காட்சி, வானிலை முன்னறிவிப்பு, வழிகாட்டும் செயலி எனப் பலவும் செயற்கைக்கோள்களை நம்பியே இயங்குகின்றன.

மலேசியாவும் இத்துறையில் கால் பதித்துள்ளது. 1996இல் மியாசாட்-1 தொலைத்தொடர்புக்காக ஏவப்பட்டது. 2000இல் டியுங்சாட்-1, 2009இல் ராசாக்சாட் ஆகியவை புவியைப் படமெடுக்கச் சென்றன. ராசாக்சாட் நிலநடுக்கோட்டை ஒட்டிய பாதையில் சுற்றியதால் நம் வட்டாரத்தை ஒரே நாளில் பலமுறை கடந்தது. எனினும், அது நெடுநாள் இயங்கவில்லை.

2021 டிசம்பரில் சிலாங்கூரில் பெருவெள்ளம் ஏற்பட்டது. லங்காட் ஆறு கரைபுரண்டது; உலு லங்காட், காஜாங் வட்டார மக்கள் பெருந்துன்பத்திற்கு உள்ளாயினர். அத்தகைய வேளையில் எந்தச் சாலை மூழ்கியது, எந்தக் கம்பம் துண்டிக்கப்பட்டது என்பதை விரைந்து அறிந்தால் உயிர்களைக் காக்கலாம். மேகம் கவிந்திருக்கும்போது சாதாரணப் படக்கருவி பயன்படாது. ரேடார் கருவியோ மேகத்தையும் இருளையும் ஊடுருவிப் படமெடுக்கும்.

பிற நாடுகளிடம் படங்களை வாங்கினால் செலவு குறையும் என்பர் சிலர். அஃது உண்மையே. ஆனால், பிறருடைய செயற்கைக்கோள் நம் வானைக் கடக்கும் நேரம் நம் கையில் இல்லை. வெள்ளமும் நமக்காகக் காத்திருக்காது. ஆகவே, நிலநடுக்கோட்டை ஒட்டிச் சுற்றும் ரேடார் செயற்கைக்கோள் ஒன்றை நாமே உருவாக்க வேண்டும் என்பது என் கருத்து. அது மழையைத் தடுக்காது; ஆயினும், மீட்புப் படகு எத்திசையில் செல்ல வேண்டும் என்பதைக் காட்டும்.