ஏணியில் ஏறுவோரும் இடர் காப்போரும்

வீடு எரிந்து சாம்பலான பின்னர்க் கொள்ளி வைத்தவனைத் தேடுவது உலக வழக்கம். அடுப்பின்மேல் ஓலைக்கூரை வேய்ந்தவன் யார், புகை கண்டு குரல் எழுப்பியவனை அடக்கியவன் யார் என்று வினவுவோர் மிகச் சிலரே. பெரு நிறுவனங்கள் சரியும்போதும் இதுவே நிகழ்கின்றது. ஒருவனைக் குற்றவாளி என்று சுட்டுகின்றனர். அவனைச் சிறையில் அடைக்கின்றனர். விதிமுறை ஏட்டில் மேலும் பத்துப் பக்கங்களைச் சேர்க்கின்றனர். பின்னர் நிம்மதியாக உறங்குகின்றனர். அடுத்த தீ வேறோர் ஊரில் எழுகின்றது.

இவ்வுறக்கம் பிழையானது. ஒரு நிறுவனத்தின் உண்மையான இடர்க்காப்பு ஏடு அதன் பேழையில் பூட்டப்பட்டிருக்கும் விதிநூல் அன்று. அங்கே யாருக்குப் பதவி உயர்வு கிடைக்கின்றது, யாருக்குப் போனஸ் கிடைக்கின்றது, யார் ஓரங்கட்டப்படுகின்றார் என்பதே அந்த ஏடு. பணியாளர் அனைவரும் அதனை நாள்தோறும் படிக்கின்றனர், அதன்படியே நடக்கின்றனர். விதிநூல் 'உண்மையைச் சொல்' என்று கூறலாம். பதவி ஏணி 'இலாபத்தைக் காட்டு' என்று கூறுமானால், வெல்வது ஏணியே.

இதற்குச் சான்று தேடிக் கடல் கடக்க வேண்டா. சிங்கப்பூரிலேயே அச்சான்று உண்டு. 1762-ஆம் ஆண்டில் தோன்றிய பேரிங்ஸ் என்னும் ஆங்கிலேய வங்கி, 1803-இல் அமெரிக்கா பிரான்சிடமிருந்து லூசியானா நிலப்பரப்பை வாங்கியபோது அதற்கு நிதி திரட்டித் தந்த பெருமைக்குரியது. இருநூற்று முப்பத்து மூன்று ஆண்டுகள் நிலைத்து நின்ற அந்த ஆலமரம், 1995-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சிங்கப்பூர்க் கிளை ஒன்றால் வேரொடு சாய்ந்தது. இழப்பு ஏறத்தாழ 827 மில்லியன் பவுண்டு. நெதர்லாந்தின் ஐ.என்.ஜி. நிறுவனம் அவ்வங்கியை அதன் கடன்களோடு ஏற்றுக்கொள்ளக் கொடுத்த விலை ஒரே ஒரு பவுண்டு!

இக்கேட்டிற்குக் காரணம் நிக் லீசன் என்னும் இளைஞர் என்று உலகம் கூறியது. கூற்றில் பொய்யில்லை. ஆயின் முழு உண்மையும் அதில் இல்லை. சுவர்ப்பூச்சு வேலை செய்தவரின் மகனாகிய அவர், கணக்குத் தீர்க்கும் எழுத்தராகப் பணியைத் தொடங்கியவர். வாணிகத்தைச் செய்து முடிப்போர் ஒரு பக்கம். அவ்வாணிகத்தின் கணக்கைச் சரிபார்த்துப் பணத்தைத் தீர்ப்போர் மறுபக்கம். முன்னவர்க்கு மதிப்பும் பெரும்பணமும் உண்டு. பின்னவர்க்கு மாதச் சம்பளமும் மறதியும் உண்டு. இரண்டையும் நேரில் கண்ட இளைஞர் எத்திசையில் ஏற விரும்புவார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

1992-இல் அவர் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டபோது வயது இருபத்தைந்து. அதற்கு முன்பே, இலண்டனில் வாணிக உரிமம் கேட்ட விண்ணப்பத்தில் தம்மீது இருந்த கடன் தீர்ப்பை அவர் மறைத்திருந்தது வெளிப்பட்டுவிட்டது. முதல் பொய் அது. நிறுவனம் அவ்விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதேயன்றி அவருடைய ஏற்றத்தை நிறுத்தவில்லை. சிங்கப்பூரில் வாணிகம் செய்யும் பொறுப்பும், கணக்கைச் சரிபார்க்கும் பொறுப்பும் அவர் கையிலேயே ஒப்படைக்கப்பட்டன. தேர்வு எழுதுபவனே விடைத்தாளைத் திருத்தி மதிப்பெண்ணும் இட்டுக்கொள்ளும் ஏற்பாடு அது.

அவ்வாண்டு சூலையில் 88888 என்னும் எண்ணுடைய பிழைக்கணக்கு ஒன்று தொடங்கப்பட்டது. பயிற்சி குறைந்த பணியாளர் ஒருவர் வாங்குவதற்கு மாறாக விற்றுவிட்டதால் நேர்ந்த இருபதாயிரம் பவுண்டு இழப்பையே முதலில் அதில் மறைத்ததாக அவர் பின்னர் கூறினார். மறைத்த இழப்பை மீட்க மேலும் பணயம் வைத்தார், அதுவும் தோற்றது. 1992-இன் இறுதியில் 2 மில்லியன் பவுண்டாக இருந்த மறைவிழப்பு, 1993-இன் இறுதியில் 23 மில்லியன் ஆயிற்று; 1994-இன் இறுதியில் 208 மில்லியன் ஆயிற்று. 1995 சனவரி 17-ஆம் நாள் சப்பானின் கோபே நகரை நிலநடுக்கம் உலுக்கியது. சப்பானியப் பங்குச்சந்தை சரிந்தது. சந்தை மீளும் என்று பணயத்தைப் பன்மடங்கு பெருக்கினார். சந்தை மீளவில்லை. பிப்ரவரி 23-ஆம் நாள் அவர் சிங்கப்பூரை விட்டு ஓடினார்.

இவை ஒருவரின் செயல்கள். அவரைச் சூழ்ந்திருந்த பலர் செய்தது என்ன? இங்கேதான் ஆராய்வோர் நின்று நோக்க வேண்டும்.

சிங்கப்பூர்ச் சந்தைக்கும் ஒசாக்காச் சந்தைக்கும் இடையே தோன்றும் சிறு விலை வேறுபாட்டில் இலாபம் பார்ப்பதே லீசனுடைய தொழில் என்று இலண்டன் நம்பியது. ஓரிடத்தில் வாங்கி, அதே நொடியில் மற்றோரிடத்தில் விற்கும் வாணிகம் அது. அதில் இடர் குறைவு. ஆதலால் இலாபமும் சிறிதாகவே இருத்தல் வேண்டும். அவர் காட்டிய இலாபமோ மலைபோல் உயர்ந்தது. ஆட்டுக்குட்டி ஒன்று யானையளவு பால் தருகின்றது என்று ஒருவன் சொன்னால், அறிவுடையோர் முதலில் குட்டியைச் சென்று பார்ப்பர். பேரிங்ஸ் மேலாளர்களோ பாற்குடத்தை மட்டும் பார்த்தனர். காரணம் யாது? அவர்களுடைய போனசும் அந்தக் குடத்திலிருந்தே முகந்து தரப்பட்டது. ஆண்டு இலாபம் மிகுந்தால் கீழிருப்பவருக்கு மட்டுமன்று, அவருக்கு மேலிருப்பவருக்கும், அவருக்கும் மேலிருப்பவருக்கும் பங்கு உண்டு. தன் கிண்ணத்தில் விழும் பாலைச் சோதிக்க எவன் விரைவான்?

எச்சரிக்கை இல்லாமலும் இல்லை. 1992-லேயே சிங்கப்பூர் அலுவலகத்தின் பொறுப்பாளர், இப்படியொரு பொறுப்பமைப்பு பின்னர்ப் பேரழிவாக முடியக்கூடும் என்று இலண்டனுக்கு எழுதினார். 1994-இல் நிறுவனத்தின் உள் தணிக்கையாளர், வாணிகமும் கணக்குத் தீர்ப்பும் ஒருவரிடமே இருத்தல் ஆகாது, பிரித்தல் வேண்டும் என்று அறிக்கை தந்தார். அதே அறிக்கை, லீசன் போட்டி நிறுவனத்திற்குச் சென்றுவிட்டால் இலாபம் விரைந்து தேயும் என்றும் கவலைப்பட்டது! குற்றத்தைத் தேடச் சென்ற கண்ணே இலாபத்தைக் கண்டு கூசிற்று. பரிந்துரை நிறைவேற்றப்படவில்லை. 1995 சனவரியில் சந்தை நிருவாகமே 88888 கணக்கைக் குறித்துக் கடிதம் எழுதியது. கேட்ட போதெல்லாம் இலண்டனிலிருந்து பணம் வந்துகொண்டேயிருந்தது. எழுநூறு மில்லியன் பவுண்டுக்கும் மேல் வந்தது. 'எதற்கு?' என்று உறுதியாகக் கேட்டு, விடை வரும்வரை பணத்தை நிறுத்தத் துணிந்தவர் ஒருவரும் இலர்.

1994-ஆம் ஆண்டிற்காக லீசனுக்குக் கொடுக்கக் கருதியிருந்த போனஸ் 450,000 பவுண்டு. அவ்வாண்டில் அவர் ஈட்டியதாகக் காட்டியது ஏறத்தாழ 28 மில்லியன் பவுண்டு; உண்மையில் இழந்தது 185 மில்லியன் பவுண்டு. இழப்பிற்குப் பரிசளிக்கக் காத்திருந்த நிறுவனத்தை எதிரிகள் வந்து அழிக்க வேண்டிய தேவை யாது?

'இது ஒரு தீயவனின் கதை. மற்றோர் நல்லவரே' என்பர் சிலர். அவர்களுக்கு அமெரிக்காவின் வெல்ஸ் பார்கோ வங்கி விடை கூறும். ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் எட்டு வகைக் கணக்குகளையோ சேவைகளையோ விற்க வேண்டும் என்று அவ்வங்கி தன் கிளைப் பணியாளர்க்கு இலக்கு வைத்தது. இலக்கை எட்டாதவர்க்கு ஏச்சும் வேலையிழப்பும் காத்திருந்தன. விளைவு என்ன? வாடிக்கையாளர் அறியாமலேயே அவர் பெயரில் கணக்குகள் தொடங்கப்பட்டன. 2016-இல் உண்மை வெளிப்பட்டபோது, ஏறத்தாழ 5,300 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டிருந்தனர். வங்கி 185 மில்லியன் அமெரிக்க வெள்ளி தண்டம் செலுத்தியது. 2020-இல் மேலும் 3 பில்லியன் வெள்ளி செலுத்த உடன்பட்டது. ஐயாயிரம் தீயவர்கள் ஒரே வங்கியில் வந்து கூடினர் என்று நம்புவதற்குப் பெருந்துணிவு வேண்டும். அவர்கள் ஊர்தோறும் காணப்படும் எளிய மாந்தர். வீட்டு வாடகையும் பிள்ளைகளின் செலவும் உடையவர். அவர்களைப் பொய்யராக்கியது இலக்கு.

'விதிகளைக் கடுமையாக்கினால் போதும்' என்பர் வேறு சிலர். பேரிங்ஸில் விதியின்மையா குறை? கணக்குத் தீர்ப்பைப் பிரிக்க வேண்டும் என்ற அறிவு இருந்தது; அறிக்கை இருந்தது; தணிக்கை இருந்தது. இல்லாதது ஒன்றே: அந்த அறிவைச் செயற்படுத்துவதால் எவருக்கும் நன்மை இல்லை. இலாபம் ஈட்டுவோன் செய்த நற்செயலை எண்ணால் காட்டலாம். காப்போன் செய்த நற்செயல் நிகழாத தீ, நேராத விபத்து. அதனை எவ்வாறு எண்ணிக் காட்டுவது? ஆகவே முன்னவன் ஏறுகின்றான்; பின்னவன் 'முட்டுக்கட்டை' என்று பெயர் பெறுகின்றான். ஆண்டிறுதி மதிப்பீட்டில் 'ஒத்துழைப்பவர்' என்னும் சொல்லுக்கு 'வினவாதவர்' என்பதே பொருளாகிவிட்ட இடங்கள் பல.

பணம் தொடர்பான துறையில் மட்டும்தான் இந்நிலை என்று கருத வேண்டா. 1986 சனவரி 27-ஆம் நாள் இரவு, கடுங்குளிரில் சேலஞ்சர் விண்ணோடத்தை ஏவுதல் ஆகாது என்று அதன் உந்துகலன்களைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள் மன்றாடினர். பொறியாளராக இருந்து உயர்ந்த துணைத்தலைவரை, பொறியாளராக எண்ணாமல் மேலாளராக எண்ணுமாறு மேலதிகாரி வற்புறுத்தினார். அவர் இசைந்தார். மறுநாள் காலை, ஏவிய 73 நொடியில் ஓடம் சிதறியது, எழுவர் மாண்டனர், அவருள் ஒருவர் பள்ளி ஆசிரியை. பொறியாளர் அறிந்திருந்தனர், அறிவு மேலே ஏறும் படியில்தான் தடை இருந்தது.

அவ்வாறாயின் முன்னேற வேண்டும் என்னும் வேட்கையே தீதா? அன்று. வேட்கை இல்லாத ஊரில் விளக்கும் எரியாது. ஏணி இருக்கட்டும், அது எச்சுவரில் சாய்க்கப்பட்டிருக்கின்றது என்பதே வினா. சாய்க்கும் இடத்தை மாற்ற முடியும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. அமெரிக்காவில் 1976-ஆம் ஆண்டு முதல், விமானிகள் தம் பிழைகளைத் தாமே தெரிவிக்கும் ஏற்பாடு ஒன்று நடைமுறையில் உள்ளது. தண்டிக்கும் துறையிடம் அன்று, விண்வெளி ஆய்வு நிறுவனமாகிய நாசாவிடமே அவர்கள் எழுதுகின்றனர், பெயர் மறைக்கப்படுகின்றது. ஒருவர் பிழை ஆயிரவர்க்குப் பாடமாகின்றது. சப்பானின் டொயோட்டா தொழிற்சாலையில், பழுதைக் கண்ட எளிய தொழிலாளியும் எச்சரித்து, தேவையானால் உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம். பல வங்கிகளில், பணியாளர் ஆண்டுக்கு இரு வாரம் தொடர்ந்து விடுப்பில் இருந்தே ஆக வேண்டும். அவர் இருக்கையில் வேறொருவர் அமரும்போது மறைந்தவை வெளிப்படும். 2008-ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பின்னர், போனசை உடனே முழுமையாகத் தராமல் சில ஆண்டுகள் நிறுத்தி வைக்க வேண்டும் என்னும் கொள்கை 2009-இல் அனைத்துலக அளவில் வகுக்கப்பட்டது. காட்டிய இலாபம் உண்மையா என்பதைக் காலம் சொல்லட்டும் என்பதே அதன் கருத்து. இவை அனைத்தும் மனிதரைத் தேவராக்க முயலவில்லை. உண்மை உரைப்பவன் உணவை இழக்காதபடி செய்தன.

இஃது எங்கோ வங்கியில் இருப்போரின் கவலை, தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் இதில் என்ன வேலை என்று கேட்பது எளிது. வங்கியில் அமர்வோன் வானத்திலிருந்து விழுவதில்லை, வகுப்பறையிலிருந்தே செல்கின்றான். விடை தவறியதும் சிவப்பு மையும் சிரிப்பும் வாங்கிய மாணவன், அடுத்த முறை தவற்றைத் திருத்தக் கற்பதில்லை; மறைக்கக் கற்கின்றான். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் மேடையில் பரிசு பெறுவதையும், 'எனக்குப் புரியவில்லை' என்றவன் வாயாடி என்று ஏசப்படுவதையும் நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். 88888 என்னும் கணக்கு அங்கேதான் முதன்முதலில் தொடங்கப்படுகின்றது.

மலேசியாவில் 1988 முதல் நடந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. தேர்வு போயிற்று, எண்ணை மட்டும் நோக்கும் மனம் போயிற்றா? தேர்ச்சி விழுக்காட்டைக் கொண்டே பள்ளியையும் ஆசிரியரையும் அளந்த பழக்கம், மெலிந்த பிள்ளையைப் பின்வரிசைக்குத் தள்ளிற்று. அப்பழக்கம் வேறு பெயரில் திரும்பி வாராதபடி காப்பது ஆசிரியர் கடன்.

வீட்டிலும் ஒரு பழைய அச்சம் குடியிருக்கின்றது. தோட்டத்தில் துரை சொன்னதே சட்டம், கங்காணியை எதிர்த்தால் பிழைப்பில்லை என்றிருந்த நாளில், வாய் பொத்தி நிற்றல் உயிர் காக்கும் வழியாக இருந்தது. அந்நாளைய பெரியோரைப் பழித்தல் அறமாகாது. ஆனால் படித்துப் பட்டம் பெற்று அலுவலகம் செல்லும் பிள்ளையிடமும், 'மேலதிகாரி மனம் கோணாமல் நட. கண்டதைக் காணாததுபோல் இரு. பதவி தானே வரும்' என்று அதே பாடத்தை ஓதுவது தகுமா? பதவி வரலாம். அதனோடு, பிறர் இட்ட கையெழுத்தின் கீழ்த் தன் கையெழுத்தையும் படித்துப் பாராமல் இடும் பழக்கமும் வரும். முறைகேட்டு விசாரணையின் நாளில் அக்கையெழுத்துக்கு விடை சொல்ல வேண்டியவர் பெற்றோரும் அல்லர், மேலதிகாரியும் அல்லர்.

இடித்துக் கூறும் பெரியோரின் துணை ஆள்வோனுக்கு இன்றியமையாதது என்பதை வள்ளுவர் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்னும் அதிகாரத்திலேயே வைத்தார். அதிகாரத்தை மனப்பாடம் செய்து ஒப்பித்த மாணவனுக்குப் பரிசு உண்டு. இடித்துக் கூறிய மாணவனுக்குப் பள்ளியில் இடம் உண்டா? தன் பிழையைத் தானே எழுந்து சொன்ன பிள்ளையை ஆசிரியர் வகுப்பின் முன் பாராட்டும் நாளில்தான் அக்குறளுக்குப் பொருள் விளங்கும். அப்பிள்ளை நாளை ஒரு நிறுவனத்தில் அமர்ந்து, மலைபோன்ற இலாபத்தைக் கண்டு மயங்காமல், 'இக்கணக்கு யாருடையது?' என்று கேட்கும். அந்த ஒரு வினாவைக் கேட்க ஆளின்றியே இருநூற்று முப்பத்து மூன்று ஆண்டுக் கால வங்கி ஒரு பவுண்டுக்கு விலைபோயிற்று.